காங்கேசன்துறைத் தொகுதி: நிறைந்த ஆசனமும் வெறுமையான ஆசனமும்

நாட்டின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைநகரில் நின்றே அதனை நோக்குவர். மந்திரிசபைகள் அமைந்ததும் கலைந்ததும், ஒப்பந்தங்கள் எழுதப்பட்டதும் கிழிக்கப்பட்டதும் அவர்தம் நூல்களை நிரப்பும். ஆயினும், புல்நுனியில் நிற்கும் பனித்துளி பக்கத்து நெடும்பனையைத் தன்னுட் காட்டுதல் போல, ஒரு சிறு தொகுதியின் கதை ஒரு நாட்டின் கதையை முழுமையாகக் காட்டவல்லது. அத்தகைய தொகுதியொன்று எமக்கு மிக அண்மையில் உண்டு. அதுவே காங்கேசன்துறை.

இத்தொகுதியின் வரலாற்றை ஆராயுமிடத்து, யார் வென்றார், யார் தோற்றார் என்று பட்டியலிடுதல் எளிது. யாம் இங்கு வேறொரு வழியை மேற்கொள்ள விரும்புகின்றோம். காங்கேசன்துறையின் ஆசனம் மூன்று முறை வெறுமையாக இருந்தது. அது நிறைந்திருந்த காலத்தைப் போலவே வெறுமையாக இருந்த காலமும் எமக்குப் பாடம் புகட்டுகின்றது. மூன்று வெறுமைகளும் ஒரே தன்மையன அல்ல. அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை அறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் தொகுதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே அமைந்த துறைமுகப் பட்டினம் காங்கேசன்துறை. காங்கேயன் என்பது முருகப்பெருமானின் திருநாமங்களுள் ஒன்று. மாவிட்டபுரத்திற் பிரதிட்டை செய்தற்பொருட்டு வந்த முருகன் திருவுருவம் இத்துறையில் வந்திறங்கியமையால் இப்பெயர் ஏற்பட்டது என்பது வழிவழி வந்த மரபுரை. வடபகுதிப் புகையிரதப் பாதையின் முடிவிடமும், கலங்கரை விளக்கமும், 1950 இல் உற்பத்தியை ஆரம்பித்த சீமெந்துத் தொழிற்சாலையும் இப்பட்டினத்திற்குத் தனியான அடையாளம் அளித்தன.

தேர்தற்றொகுதி என்ற வகையில் காங்கேசன்துறை பட்டினத்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை. தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை, மயிலிட்டி முதலான அயலூர்களையும் தன்னகத்தே கொண்டிருந்தது. தோட்டம் செய்வோரும், கடற்றொழிலாளரும், ஆசிரியரும், தொழிற்சாலைத் தொழிலாளரும் ஒருங்கே வாக்களித்த தொகுதி இது.

முதலாவது வெறுமை: 1931

டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931 ஆம் ஆண்டில் இலங்கை மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். கல்வியோ சொத்தோ வாக்குரிமைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. ஆசியாக் கண்டத்தில் இத்தகைய உரிமையை முதன்முதலாகப் பெற்றோர் இலங்கையரே.

ஆயினும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இத்திட்டத்தை ஏற்கவில்லை. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி, 1927 இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த இயக்கம் அது. பூரண சுயராச்சியத்துக்குக் குறைந்த எதனையும் ஏற்றல் தகாது என்பது அதன் கொள்கை. பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் அவ்வியக்கத்தின் முன்னணித் தலைவர். 1931 மே 4 ஆம் நாள் நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டபோது யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் முன்வரவில்லை. தெரிவு செய்யப்படவேண்டிய ஐம்பது உறுப்பினருள் நாற்பத்தறுவரே அரசாங்க சபைக்குச் சென்றனர்.

இப்பகிஷ்காரத்தின் இலட்சியத் தூய்மையை யாம் ஐயுறவில்லை. இனத்தின் பெயரால் அன்றி நாட்டின் விடுதலையின் பெயரால் எழுந்த குரல் அது. எனினும் அதன் விளைவையும் நோக்குதல் வேண்டும். டொனமூர்த் திட்டத்தில் ஆட்சிப் பொறுப்பு ஏழு நிருவாகக் குழுக்களிடம் இருந்தது. சபையின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் அமர்ந்து கல்வி, சுகாதாரம், விவசாயம் முதலான கருமங்களில் நேரே பங்குகொண்டனர். அக்குழுக்கள் முதன்முறையாக இயங்கிய ஆண்டுகளிலே இந்நான்கு தொகுதிகளுக்கும் அங்கு வாயில்லை. மேலும், முதன்முறையாக வாக்குரிமை பெற்ற பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்புத் தள்ளிப்போயிற்று. வாக்களிக்க வேண்டா என்று அவர்கள் தாமே தீர்மானித்தனரா, அன்றி அவர்க்காகப் பிறர் தீர்மானித்தனரா என்ற வினா இன்றும் விடையின்றி நிற்கின்றது.

1934 இல் இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. காங்கேசன்துறைக்குச் சு. நடேசன் அவர்கள் தெரிவானார். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருகரும், பரமேசுவராக் கல்லூரியின் அதிபருமாகிய இவர் தஞ்சையிற் பிறந்து யாழ்ப்பாணத்தைத் தம் ஊராக்கிக் கொண்டவர். சைவமும் தமிழும் கற்ற அறிஞர். 1936 இல் மீண்டும் தெரிவாகி, 1947 வரை அரசாங்க சபையிலே இத்தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார். அதே 1934 ஆம் ஆண்டிலே பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலம் தெரிவானமையும் நினைவுகூரத்தக்கது.

தொகுதி தந்த தோல்வி

சோல்பரி அரசியற்றிட்டத்தின்கீழ் 1947 இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. காங்கேசன்துறையிலே அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் அபேட்சகராக நின்று வென்றவர் சா. யூ. வே. செல்வநாயகம் அவர்கள். 1898 இல் மலாயா நாட்டின் ஈப்போ நகரிற் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, கொழும்பிலே சிவில் வழக்குகளிற் பேர்பெற்ற நியாயவாதியாக விளங்கியவர். மாவிட்டபுரமும் கீரிமலையும் அமைந்த சைவப்பதியொன்று கிறிஸ்தவர் ஒருவரைத் தன் பிரதிநிதியாக ஏற்றமை கவனிக்கற்பாலது.

அடுத்த ஆண்டே தமிழ்க் காங்கிரசிற் பிளவு தோன்றியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. பொன்னம்பலம் அவர்கள் அரசாங்கத்திற் சேர்ந்து கைத்தொழில் அமைச்சரானார். செல்வநாயகம் அவர்கள் பிரிந்து நின்று, 1949 டிசம்பர் 18 ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் காங்கேசன்துறையிலே தோல்வியுற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற நடேசன் அவர்களே வென்றார். பின்னர் சேர் ஜோன் கொத்தலாவலையின் மந்திரிசபையில் அமைச்சராகவும் விளங்கினார். தமிழரசுக் கட்சிக்கு அத்தேர்தலிற் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையுமாகிய இரண்டு ஆசனங்களே.

இத்தோல்வியைப் பலர் ஒரு வரியிற் கூறிக் கடந்து செல்வர். எமது கருத்தில் இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. செல்வநாயகம் அவர்கள் முன்வைத்த முதன்மையான பிரச்சினை மலைநாட்டுத் தொழிலாளரின் பிரசாவுரிமை. காங்கேசன்துறை வாக்காளருட் பெரும்பாலாருக்கு அது நேரடியாகத் தம்மைத் தொட்ட துன்பம் அன்று. மறுபுறத்தில், அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதன் பயன் சீமெந்துத் தொழிற்சாலையின் உருவிலே அவர்களது கண்முன் நின்றது. பிறர்க்குற்ற இடரைத் தமதாகக் கருதுமாறு கேட்ட தலைவரை அத்தொகுதி அன்று ஏற்கவில்லை. பின்னாளில் அவரைத் தந்தை என்று போற்றியதும் இதே தொகுதியே. ஆகவே, இவ்வாக்காளர் கண்மூடித்தனமாக ஒருவரைப் பின்பற்றியோர் என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர்கள் எடைபோட்டனர், சில வேளைகளிற் பிழையாகவும் எடைபோட்டிருக்கலாம், ஆனால் எடைபோடும் உரிமை அவர்களிடமே இருந்தது.

1956 முதல் 1970 வரை

1956 ஆம் ஆண்டிற் காற்று மாறியது. சிங்களம் மட்டும் என்ற கோஷம் தென்னிலங்கையை ஆட்கொண்டபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அயலார் துன்பமாகத் தோன்றியது வடக்கின் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வந்து நின்றது. செல்வநாயகம் அவர்கள் மீண்டும் காங்கேசன்துறையில் வென்றார். அவரது கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. அதன்பின் 1960 மார்ச், 1960 யூலை, 1965, 1970 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் தொகுதி அவரையே தெரிவுசெய்தது. 1957 யூலை 26 இற் பண்டாரநாயக்காவுடனும், 1965 மார்ச் 24 இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தங்களிற் கைச்சாத்திட்டவர் காங்கேசன்துறையின் உறுப்பினரே. இரண்டும் நிறைவேறாமற் போயின.

இக்காலத்திலே தேர்தல் விதிகளும் மாறின. 1959 இல் வாக்குரிமைக்குரிய வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. புதிய எல்லை நிர்ணயத்தின்படி உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி ஆகிய தொகுதிகள் தோன்ற, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஏழு தொகுதிகள் பதினொன்றாயின.

தொகுதியின் உள்வாழ்வும் அமைதியாக இருந்ததெனக் கூறல் இயலாது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் ஆலயப்பிரவேச உரிமை வேண்டிப் போராடினர். அவர்கள் உட்புகுவதை எதிர்த்து முன்னின்ற சி. சுந்தரலிங்கம் அவர்கள் 1970 தேர்தலில் இத்தொகுதியிலே போட்டியிட்டுத் தோல்வியுற்றார். சாதிக்கொடுமைக்கு எதிராகக் குரல் கொடுத்த கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் அவர்களும் அத்தேர்தலில் நின்றார். வெற்றி செல்வநாயகம் அவர்களுக்கே கிடைத்ததாயினும், அவர் பெற்றவை 13,520 வாக்குகளே. தமிழர் உரிமை பேசிய தொகுதி தன்னுள்ளே உரிமை மறுக்கப்பட்டோரின் குரலையும் கேட்கவேண்டியிருந்தது என்பதை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று.

இரண்டாவது வெறுமை: 1972

1972 மே 22 ஆம் நாள் இலங்கை குடியரசாயிற்று. புதிய அரசியலமைப்பிலே தமிழ் மக்களின் கோரிக்கைகளுக்கு இடமளிக்கப்படவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிலே செல்வநாயகம் அவர்கள் தமது ஆசனத்தைத் துறந்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா என்பதை இடைத்தேர்தல் மூலம் அறிந்துகொள்ளுமாறு அவர் அரசாங்கத்தை அறைகூவினார்.

1931 இன் வெறுமைக்கும் 1972 இன் வெறுமைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் ஊன்றி நோக்குவாராக. முன்னையது வாக்குப்பெட்டியை விலக்கியது. பின்னையது வாக்குப்பெட்டியை அழைத்தது. ஓர் உறுப்பினர் தம் பதவியையே வினாவாக்கி மக்கள்முன் வைத்தார். அவ்வினாவுக்கு விடையளிக்க மக்கள் ஆயத்தமாக இருந்தனர், தேர்தலோ வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் காங்கேசன்துறைக்குப் பிரதிநிதி இல்லை. முதலாவது வெறுமை தொகுதியின் தலைவர்கள் செய்தது. இரண்டாவது வெறுமையைத் தொடக்கியவர் உறுப்பினர், நீட்டித்தவர்கள் ஆட்சியாளர்.

1975 பெப்ரவரி 6 ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. ஆளும் ஐக்கிய முன்னணியின் பக்கத்தில் நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் அவர்கள். செல்வநாயகம் அவர்கள் 25,927 வாக்குகளையும் பொன்னம்பலம் அவர்கள் 9,457 வாக்குகளையும் பெற்றனர். வாக்கு வித்தியாசம் 16,470. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் கிடைத்த வாக்குகளோடு ஒப்பிட்டால், அவை ஏறத்தாழ இரட்டித்திருந்தன. தனியரசு அமைத்தற்கு மக்கள் அளித்த ஆணையாக இம்முடிவைத் தாம் கொள்வதாக அவர் அறிவித்தார். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரில் 26 இல் அவர் காலமானார்.

மூன்றாவது வெறுமை: 1983

1977 யூலை 21 ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலிலே, தமிழர் விடுதலைக் கூட்டணியின் அபேட்சகராக அ. அமிர்தலிங்கம் அவர்கள் காங்கேசன்துறையில் 31,155 வாக்குகள் பெற்று வென்றார். 1956 முதல் 1970 வரை வட்டுக்கோட்டையின் உறுப்பினராக இருந்த அவர், பதினெட்டு ஆசனங்களை வென்ற கூட்டணியின் தலைவராகவும் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆனார். குடாநாட்டின் கரையோரத் தொகுதியொன்றின் உறுப்பினர் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தமை அதுவே முதன்முறை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1982 டிசம்பர் 22 ஆம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பினாற் பாராளுமன்றத்தின் ஆயுள் பொதுத்தேர்தலின்றி நீடிக்கப்பட்டது. 1983 யூலைக் கலவரத்தின் பின்னர், ஓகஸ்ட் 8 ஆம் நாள், ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் சட்டமாயிற்று. தனியரசை ஆதரிப்பதில்லை என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியப்பிரமாணம் செய்தல் கட்டாயமாயிற்று. தனியரசுக்கு ஆணை கேட்டுத் தெரிவான கூட்டணி உறுப்பினர்கள் அதற்கு உடன்படாது, அமர்வுகளிற் பங்குகொள்ளாதிருந்து ஆசனங்களை இழந்தனர். காங்கேசன்துறையின் ஆசனம் மூன்றாம் முறையாக வெறுமையாயிற்று. இம்முறை இடைத்தேர்தல் வரவேயில்லை.

1931 இல் தொகுதி பேச மறுத்தது. 1972 இல் தொகுதி பேசக் காத்திருந்தது. 1983 இலோ, தொகுதி பேசியதைச் சட்டம் செல்லாததாக்கியது. வாக்குப்பெட்டி வாய்மூடிய அவ்வாண்டுகளிலே வேறு கருவிகள் பேசத் தொடங்கின என்பதை யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதனை வாழ்ந்து அறிந்தவர் எம்மிடையே பலர்.

தொகுதிக்கு நேர்ந்தது

மூன்றாவது வெறுமை நீங்குமுன்னரே, தொகுதி என்ற அமைப்பே மறைந்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை ஏற்படுத்தியிருந்தது. 1989 பெப்ரவரியில் அம்முறையில் முதலாவது பொதுத்தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமாயின. காங்கேசன்துறை அதனுள் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாகச் சுருங்கியது. அத்தொகுதியின் கடைசி உறுப்பினரான அமிர்தலிங்கம் அவர்கள் அத்தேர்தலில் மட்டக்களப்பிற் போட்டியிட்டுத் தோல்வியுற்று, தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் சென்றார். தொகுதியில்லாத உறுப்பினராக மீண்ட அவர், அதே ஆண்டு யூலை 13 இற் கொழும்பிலே கொல்லப்பட்டார்.

விகிதாசார முறையிலே நன்மை இல்லையென்று யாம் கூறவில்லை. சிறுபான்மைக் கருத்துடையோர்க்கும் அதில் இடமுண்டு. முன்னைய முறையில் 9,457 வாக்குகள் பெற்றும் ஓர் ஆசனமுமின்றி நின்ற நிலை மாறுதற்கு அது வழிசெய்யும். ஆனால் ஒன்று இழக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவர் பதவி துறந்தால் அல்லது இறந்தால், பட்டியலில் அடுத்து நிற்பவர் அவ்விடத்துக்கு வருவார், இடைத்தேர்தல் இல்லை. செல்வநாயகம் அவர்கள் 1972 இற் செய்ததை இம்முறையில் எவரும் செய்தல் இயலாது. ஆசனத்தைத் துறக்கலாம், அதனை மக்கள்முன் வினாவாக வைத்தல் ஒண்ணாது.

எண்களும் குறைந்தன. 1977 இல் யாழ்ப்பாண மாவட்டம் பதினொரு உறுப்பினரை அனுப்பியது. விகிதாசார முறையிலே வாக்காளர் தொகையைக் கொண்டே உறுப்பினர் தொகை கணிக்கப்படுவதால், மக்கள் புலம்பெயர்ந்து செல்லச் செல்ல, 2015 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஏழு உறுப்பினரும் 2024 இல் ஆறு உறுப்பினருமே உரியராயினர். காங்கேசன்துறையைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் கூர்மையானது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று, புகையிரதம் நின்றது, சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. வாக்காளர் இடாப்பிலே பெயர் இருந்தது. பெயருக்குரிய வீட்டிலே ஆள் இல்லை. 2009 இற் போர் முடிந்தபின் நிலம் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டது. 2015 சனவரியிற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து யாம் பெறும் பாடம் யாது? ஆசனம் நிறைந்திருத்தல் மட்டும் மக்களாட்சி ஆகாது. அது வெறுமையாகும்போது மீண்டும் நிரப்பும் அதிகாரம் யாரிடம் உளது என்பதே உரைகல். 1934 இலும் 1975 இலும் அவ்வதிகாரம் இறுதியில் மக்களிடம் திரும்பி வந்தது. 1983 இல் வரவில்லை. அதன் விலையை ஒரு தலைமுறை முழுவதும் கொடுத்தது.

வாக்குரிமை பெறும் வயதை அண்மிக்கும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரையும் பாட்டியாரையும் அணுகி, அவர்கள் முதன்முதலில் எந்தப் பாடசாலையில் வாக்களித்தனர், எவ்வாறு அங்கு சென்றனர், 1975 இடைத்தேர்தலன்று ஊர் எவ்வாறு இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். வாக்கெண்ணிக்கை அரசாங்க ஏடுகளில் இருக்கும். வரிசையில் நின்ற மக்களின் நினைவோ அவர்களோடு மறைந்துவிடும். கடல் கடந்து வாழும் பழைய மாணவரும் தம் நினைவிலுள்ளதை எழுதி அனுப்புவாராயின், அடுத்த விழா மலரில் இவ்வரலாறு இன்னும் நிறைவு பெறும்.

இடாப்பிலே உங்கள் பெயர் உளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று முறை வெறுமையாக இருந்த ஆசனத்தின் ஊரிலே, வாக்குச் சீட்டு ஒன்று வீணே கிடத்தல் தகாது.